கவசத்தைக் கழற்றியவள்

தூத்துக்குடி காய்ச்சல் வார்டில் நர்ஸ் அமலி முகமூடிகூட இல்லாமல்தான் வேலை பார்த்தாள். கவச ஊசி போட்டவர்கள் உடம்பில் எந்த வைரஸும் தன் புரதத்தால் செல்லோடு கலந்து உள்ளே நுழைய முடியாது. ஊசிக்குப் பிறகு அவளுக்குச் சளிகூடப் பிடித்ததில்லை. ஆனால் வயிற்றில் கருவும் தங்கவில்லை. ஒவ்வொரு முறையும் கலைந்துபோயிற்று.

காரணத்தை டாக்டர் மெஹருன்னிசா கண்டுபிடித்தார்.

“நஞ்சுக்கொடி உருவாகணும்னா செல்லும் செல்லும் ஒண்ணாக் கலக்கணும். அதைக் கலக்க வைக்கிற புரதம், எந்தக் காலத்துலயோ ஒரு வைரஸ் நம்ம உடம்புல விட்டுட்டுப் போனது. அதையும் கவசம் தடுத்துடுதும்மா.”

“அப்போ கவசத்தை எடுத்துடுங்க டாக்டர்.”

“எடுத்தா திரும்பப் போட முடியாது. வார்டுக்குள்ள நீ காலே வைக்கக் கூடாது.”

கணவன் கஸ்பார் அவள் கையைப் பிடித்தான். “எனக்கு நீ போதும் அமலி.”

“எனக்குப் பத்தாதே,” என்றாள் அவள்.

கவசத்தை எடுத்த வாரமே காய்ச்சலில் விழுந்தாள். கஸ்பார் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, அடுப்படியில் நின்று அழுதான். எப்படியோ தேறி எழுந்தாள். பிறகு கருவும் தங்கியது.

நான்காம் மாதம் வார்டுக்குப் போய்க் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றாள். தீராக் காய்ச்சலோடு அங்கேயே கிடக்கும் பேச்சியம்மாளுக்கு அவள்தான் தினமும் சோறு ஊட்டியவள். பேச்சியம்மாள் தட்டுத்தடுமாறி எழுந்து வந்து கண்ணாடியில் கை வைத்தாள்.

“இம்புட்டு நாளா எங்க போனீய? உள்ள வாங்க சிஸ்டர்.”

அமலி வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். பேச்சியம்மாளின் முகம் மலர்ந்தது. மறுகணமே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அவளைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து, தன் கட்டில் வரைக்கும் போய்விட்டாள்.