இருபது மைல் தண்ணீர்

இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே கடலுக்கடியில் ரயில் விட்ட வருடம். சிட்னியில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு அதனால் என்ன வந்தது என்று கேட்கக்கூடாது. பட்டிமன்றத்துக்குத் தலைப்பு வந்தது: ‘ஆங்கிலேயரும் ஐரோப்பியர்தானா, தனிப்பிறவிகளா?’

‘ஐரோப்பியர்தான்’ என்ற அணியைச் சிவலிங்கம் கேட்டு வாங்கியபோது எல்லோரும் சிரித்தார்கள். மனுஷன் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்ப்பதைக்கூட ஆங்கிலேயனிடம் படித்ததாகப் பெருமை பேசுகிறவர். அவன் வேறு, மற்ற வெள்ளைக்காரன் வேறு என்று ஆயுள் முழுக்க அடித்துச் சொன்னவர்.

வீட்டிலோ மகள் கமலினி சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள். கூட வேலை பார்க்கும் கோபாலகிருஷ்ணனைக் கட்ட ஆசை. தஞ்சாவூர்ப் பையன்.

“அவை இந்தியாக்காரர். அவையின்ர பழக்கவழக்கம் வேற, எங்கட வேற,” என்று அம்மா திலகம் ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

“அப்பா, நீங்கள் அம்மாவோட ஒருக்காக் கதைக்கக் கூடாதோ?”

“பட்டிமன்றம் முடியட்டும் பிள்ளை.”

“என்ர வாழ்க்கையைவிட உங்களுக்கு வெள்ளைக்காரன்ர சண்டை பெரிசோ?”

அவர் கண்ணாடி முன்னால் பேசிப் பார்க்கப் போய்விட்டார். இப்படியும் ஒரு தகப்பன்.

ஞாயிறு மாலை மெரிலேண்ட்ஸ் மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் திலகம். கடைசி வரிசையில் கமலினி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

“ஒருத்தன் தேத்தண்ணி குடிக்கிறான், மற்றவன் கோப்பி குடிக்கிறான். அதுக்காக வேற ஆக்களோ?” சிவலிங்கம் மேசையில் தட்டினார். “கும்பிடுறது ஒரே சாமி. கலியாணத்துக்கு மாத்துறது ஒரே மோதிரம். அவன்ர சமையலை இவன் பழிக்கிறான், இவன்ர சமையலை அவன் பழிக்கிறான். சொந்தக்காரர்தானே அப்பிடிச் செய்வினம்? நடுவில கிடக்கிறது வெறும் இருபது மைல் தண்ணி. அது மனுசரைப் பிரிக்குமோ?”

முதலில் கைதட்டியது திலகம்தான். மண்டபமே சேர்ந்துகொண்டது. அவர் அணி வென்றது.

காரில் திரும்பும்போது திலகம் மனசுக்குள் எதையோ கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில்தான் வாயைத் திறந்தாள்.

“இஞ்சேருங்கோ, தலைமன்னாரிலயிருந்து இராமேஸ்வரம் எவ்வளவு தூரம்?”

“அதுவும் ஒரு இருபது மைல்தான் வரும்.” அவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

பின்சீட்டில் கமலினி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இரண்டு சிக்னல் தாண்டியது.

“அந்தப் பெடியனைச் சனிக்கிழமை சாப்பிட வரச் சொல்லு,” என்றாள் திலகம், திரும்பிப் பார்க்காமலே. “எனக்கு அவையின்ர மாதிரிச் சாம்பார் வைக்க வராது எண்டும் சொல்லிப்போடு.”

கமலினி பின்னாலிருந்து அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

திலகத்துக்குத்தான் ஆறவில்லை.

“இதை வீட்டிலயே சொல்லியிருக்கலாமே. மண்டபம் எடுத்து, மைக் வைச்சுத்தான் சொல்ல வேணுமோ?”

“வீட்டில சொல்லியிருந்தா,” என்றார் சிவலிங்கம், “நீர் கைதட்டியிருக்க மாட்டீர்.”