அமெரிக்கப் பால் மாவு

மாதா கோயிலில் அமெரிக்கப் பால் மாவு கொடுக்க ஆரம்பித்ததும், தேவனாம்பட்டினத்து அமராவதி கைக்குழந்தையோடு முதல் ஆளாய்ப் போய் நின்றாள். வெயிலில் கருவாடு காயவைத்தே அவள் மார்பில் பால் வற்றியிருந்தது.

வாங்கி வந்த மாவில் பாதியைப் புருஷன் பக்கிரி பொட்டலம் கட்டினான். "கிள்ளை ஊர்ல அம்மா படுத்த படுக்கையா கெடக்கு. பல்லு போச்சு, கஞ்சிகூட எறங்கல."

"எடுத்துட்டுப் போ. பெத்தவ வயிறு காயக்கூடாது. நம்ம புள்ளைக்குத் தண்ணியா கலக்கிக்கிறேன்."

அடுத்த வாரம், குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கையும் கேட்டான். "டம்ளர்ல குடிச்சா அம்மாவுக்குப் பொரை ஏறுது, பாவம்."

அமராவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு சங்கைக் கழுவிக் கொடுத்தாள்.

மாசி மகத்தன்று மாமியார் குப்பு பஸ்ஸை விட்டிறங்கி, தலையில் கூடையோடு விறுவிறுவென்று நடந்து வந்தாள்.

"இன்னாடி, பேரன் எலும்பா கெடக்கான்?"

அமராவதி திகைத்தாள். "அத்தை... பால் மாவு குடிச்சு ஒடம்பு தேறிடுச்சா?"

"எனக்கு எதுக்குடி பால் மாவு? உம் புருஷன் தீவாளிக்கு வந்துட்டுப் போனவன்தான், அப்புறம் எட்டியே பாக்கல."

குப்பு கொட்டைப்பாக்கைக் கடைவாயில் போட்டு நொறுக்கினாள்.

அமராவதி பிள்ளையை மார்போடு இறுக்கினாள்.

"அப்ப எம் புள்ள சங்குல எந்தப் புள்ள பால் குடிக்குது அத்தை?"