விரிசல் விழாது என்றவர்

சுரங்க ரயில் ஓடத் தொடங்கிய முதல் வாரம். காலை நெரிசலில் கம்பியைப் பிடித்து நிற்கும் என்ஜினியரைக் கண்டதும் தையல்காரம்மா எழுந்து இடம் விடுகிறாள். பாதை தோண்டும்போது அவள் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்து, "ஒரு கீறல்கூட விழாதும்மா" என்று சொல்லி அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். "வீடு எப்படி இருக்கும்மா?" கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார். "பின்சுவர் பிளந்துடுச்சு சார், இடிச்சுட்டாங்க. இப்ப ஊர்க்கோடியில இருக்கோம். இந்த ரயில் இருக்கப்போய்தான் வேலைக்கு வந்துபோக முடியுது. நீங்க நல்லா இருக்கணும்." குரலில் குத்தல் துளியும் இல்லை, இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். ஜன்னலுக்கு வெளியே சுரங்கத்தின் விளக்குகள் ஓடுகின்றன. கண்ணாடியில் அவர் முகம் மட்டும் அசையாமல் நிற்கிறது. "உட்காருங்க சார்" என்று அவள் மறுபடியும் சொல்கிறாள். சுற்றியுள்ளவர்கள் பார்க்கிறார்கள். அவர் உட்காருகிறார். இருக்கையில் அவளுடைய உடற்சூடு இன்னும் ஆறவில்லை.