மூன்றாம் பாடலின் பறவை

"அந்தப் பச்சை ஸ்வெட்டர் இன்னிக்கும் வந்திருக்குக்கா" என்றான் கார்ஸ்டன், புத்தக அலமாரிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தபடி.

அக்கா பிரிட்டா தலையைத் தூக்கவில்லை. விற்பனை மேஜையில் இசைத்தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "வரட்டுமே. உன் கச்சேரிக்கு ஒரு ஆள் திரும்பி வர்றதே அதிசயம்."

மினியாபொலிஸில் ஒரு புத்தகக் கடை. சனிக்கிழமை மத்தியானக் கச்சேரி. ஸ்பீக்கரை ஒட்டிய நாற்காலியில் பச்சை ஸ்வெட்டர் போட்ட அந்த அம்மாள். அறுபதைத் தாண்டிய வயது. கை தட்ட மாட்டாள். மூன்றாவது பாட்டு வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, காதை ஸ்பீக்கர் பக்கம் சாய்ப்பாள். பாட்டு முடிந்ததும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு எழுந்து போய்விடுவாள். போன கச்சேரியிலும் அப்படி. அதற்கு முந்தியதிலும் அப்படி.

மூன்றாவது பாட்டு என்பதுதான் கார்ஸ்டனுக்கு உறுத்தியது.

'பனிக்குள் ஒருவன்' ஆல்பம் பிறந்த கதையை அவன் அட்டையிலேயே அச்சடித்திருந்தான். காதலி பிரிந்துபோன துக்கத்தில், வடக்கே காட்டுக்குள், ஏரிக்கரை மரக்குடிசையில், ஜனவரிக் குளிரில் தன்னந்தனியாக, மின்சாரம்கூட இல்லாமல் பாடியவை. மின்சாரம் இல்லாமல் மைக் எப்படி வேலை செய்தது என்று யாரும் கேட்கவில்லை. கிடாரும் தாடியும் இருப்பவனிடம் அதையெல்லாம் கேட்பதில்லை.

மூன்றாவது பாட்டின் நடுவே, எங்கோ தூரத்தில் ஒரு நீண்ட ஊளை எழுந்து, விசில் போல இழுத்து அடங்கும். நியூயார்க் விமர்சகர் ஒருவர் அதில் உருகிப்போனார். 'உறைந்த ஏரியில் ஒற்றை லூன் பறவையின் புலம்பல். வடக்கின் தனிமையே வாய் திறந்து பாடுகிறது' என்று எழுதினார். அதற்குப் பிறகுதான் ஆல்பம் விற்க ஆரம்பித்தது. கோடையில் நடக்கும் பெரிய இசை விழாவுக்கு அழைப்பும் வந்தது. பத்து வருஷமாகக் காப்பிக் கடைகளில், பால் நுரைக்கும் மெஷினோடு போட்டி போட்டுப் பாடியவனுக்கு அது எப்பேர்ப்பட்ட அழைப்பு.

உண்மையில் பதிவு நடந்தது இதே ஊரில். லாண்டரிக்கு மேலே, அந்தக் குளிர்காலத்துக்கு மட்டும் அவன் எடுத்திருந்த வாடகை ஃபிளாட்டில், கோட்டு மாட்டும் அலமாரிக்குள். ஊளையிட்டது சுவருக்குள் ஓடும் பழைய ஹீட்டர் குழாய் என்று அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

"ஜனவரியில ஏதுடா லூனு?" என்று அவள் அப்போதே கேட்டாள். ஏரி உறைவதற்குள் அது தெற்கே கடல் பக்கம் பறந்துவிடும் என்பது இந்த மினசோட்டா மாநிலத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். விமர்சகருக்குத் தெரியாது. கார்ஸ்டனுக்குத் தெரியும். ஆனாலும் விமர்சனத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டான்.

"பறவைச் சங்கத்து ஆளா இருக்கும்கா" என்றான் இப்போது. "எங்கேயாவது எழுதிப்போட்டா, விழாவுல என்னைத் தூக்கிருவாங்க."

"குழாய் ரிப்பேர் சங்கமா இருந்தா?"

அவன் சிரிக்கவில்லை. கட்டம் போட்ட மரவெட்டிச் சட்டையைச் சரிசெய்துகொண்டு மேடைக்குப் போனான். இரண்டாவது பாட்டிலிருந்து நேராக நாலாவதற்குத் தாவினான்.

அதுதான் தப்பாகப் போயிற்று. மூன்றாவது பாட்டு வரும் வரும் என்று அந்த அம்மாள் கடைசி வரை நகரவே இல்லை. கூட்டம் கலைந்ததும் மேஜைக்கு வந்து நின்றாள்.

கார்ஸ்டன் முந்திக்கொண்டான். ஓர் இசைத்தட்டை எடுத்து அவள் கையில் திணித்து, விலையில்லை, என் அன்பளிப்பு என்றான்.

அவள் அதைப் பூப்போலத் திருப்பி வைத்தாள். இதைப் போட்டுக் கேட்க வீட்டில் மெஷின் இல்லையாம். போனிலோ குறுந்தட்டிலோ கிடைக்குமா என்று கடை கடையாக விசாரித்தாளாம், இல்லை என்றுவிட்டார்களாம். இசைத்தட்டின் பள்ளத்தில்தான் பாட்டின் ஆன்மா இருக்கிறது, வேறு எதிலும் வெளியிட மாட்டேன் என்று பேட்டி கொடுத்தவன் இசைத்தட்டை எடுத்து மறுபடி அடுக்கில் வைத்தான்.

"மூணாவது பாட்டை இன்னிக்குப் பாடவே இல்லையே?" என்றாள்.

கார்ஸ்டன் சுற்றிலும் பார்த்தான். அவளை ஓரமாக அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினான். "அது லூன் இல்லைன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒத்துக்கறேன், வெறும் ஹீட்டர் குழாய். தயவுசெஞ்சு வெளியில சொல்லிடாதீங்க."

"குழாயா?" அவள் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பு வந்தது. லாண்டரி மாடிச் சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு தங்களுடையது என்றாள். வாசல் வேறு தெருவில் இருந்ததால் பார்த்துக்கொண்டதில்லை. அந்தக் குளிர்காலத்தில் மத்தியானமானால் சுவர் வழியாக அந்தப் பாட்டுதான். பிறகு ஒருநாள் ரேடியோவில் அதே பாட்டு, அந்தச் சத்தத்தோடு. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டு நின்றுவிட்டாளாம்.

"கேக்கக் கூச்சமா இருந்துச்சு. நீங்க நேர்ல பாடறப்ப அது மட்டும் வரவே மாட்டேங்குது, தம்பி" என்றாள். "அது என் வீட்டுக்காரர் டுவெய்ன், சாப்பிட்டதும் அந்தச் சுவர்ப் பக்கம் தலை வச்சுக் குறட்டை விடுவார், நாப்பது வருஷம் திட்டிக்கிட்டே இருந்தேன். மார்ச்ல போயிட்டார்... அந்த இடத்தை மட்டும் ஒருதடவை போடறீங்களா?"