ஐந்து மணிக்கு மேல் ஊசி

அதிகாரியைக் குப்புறப் படுக்கவைத்து, தோளிலும் முதுகிலும் மெல்லிய ஊசிகளை வரிசையாக இறக்கியிருந்தாள் பிசியோதெரபிஸ்ட். மருந்தில்லாத வெறும் ஊசிதான். வலி குறையக் குறைய அவருக்குப் பேச்சு வந்தது.

"தசை எப்படி சார் இப்படி இறுகிப்போச்சு?"

"நாள் முழுக்க ஃபைல்லயே குனிஞ்சு கிடக்கேன்மா. யாரோட ஃபைல்னுகூடப் பார்க்க மாட்டேன். ஒரு எழுத்து பிசகினாலும் திருப்பி அனுப்பிடுவேன். விதின்னா விதிதான்."

சுவர்க் கடிகாரம் ஐந்து அடித்தது. அவள் கையுறையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா உட்கார்ந்துட்டே? ஊசியை எடு, மீட்டிங்குக்குப் போகணும்."

"எடுக்கக் கூடாது சார். கிளினிக் லைசென்ஸ் இன்னைக்கு அஞ்சு மணியோட முடிஞ்சுது. இனிமே ஊசியைத் தொட்டா விதிமீறல்."

"அடிப்பாவி! முன்னாடியே புதுப்பிச்சுத் தொலைக்கிறதுக்கென்ன?"

"மனு கொடுத்து மூணு மாசமாச்சு சார். நாலு தடவை திரும்பி வந்துச்சு. இன்னும் கையெழுத்தாகலை."

அதிகாரி துள்ளி எழப் பார்த்தார். ஊசிகள் சுருக்கென்றன.

"எந்த முட்டாள் அதைக் கிடப்புல போட்டிருக்கான்?"

"அப்படியெல்லாம் திட்டாதீங்க சார்," என்றாள் அவள் பணிவாக. "முதுகு நிறைய ஊசியோட குப்புறப் படுத்திருக்கார், பாவம்."