மஞ்சளாகிவிட்டது

"என்னங்க, மஞ்சளாயிடுச்சு!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து நாற்காலியில் விழுந்தாள் மனைவி. சந்தோஷத்தைக் கொண்டாட உடம்பில் தெம்பில்லை.

இரவுக் காவல் வேலைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த கணவர் அப்படியே நின்றுவிட்டார். "நிஜமாவா?"

மூன்று வருடமாக அந்த வீட்டில் இதே பேச்சுதான். ஆய்வகத்தில் ஊதா நிறத் திரவம் ஒன்று உண்டு. மூலிகைச் சாற்றை விட்டதும் அது மஞ்சளானால், மூலிகையில் ஆன்டிஆக்ஸிடன்ட் சத்து இருக்கிறது என்று அர்த்தம். வைட்டமின் சி விட்டால் கண்மூடித் திறப்பதற்குள் மஞ்சளாகிவிடும். இவளுடைய இலைச்சாற்றுக்கு மட்டும் அந்த ஊதா அசைந்து கொடுத்ததே இல்லை. இதுதான் கடைசித் தடவை, ஆகாவிட்டால் ஆராய்ச்சியை மூட்டை கட்டு என்று பேராசிரியர் கறாராகச் சொல்லியிருந்தார்.

இலையைப் பறித்துக் கழுவி, காயவைத்து, அரைத்துக் கொடுப்பது கணவர் பொறுப்பு. இரவெல்லாம் கண்விழித்துவிட்டு வந்து, பகல் தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டு, முணுமுணுக்காமல் செய்தார் மனிதர்.

"வைட்டமின் சிக்குக் கொஞ்சமும் சளைக்கலைங்க நம்ம இலை! பேராசிரியரே வாயடைச்சுப் போயிட்டார். நாளைக்கு எல்லார் முன்னாடியும் பேசச் சொல்லியிருக்கார்."

கணவர் முகம் வெளிறிவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வேணாம்மா. நாளைக்கு அங்க பேசாத."

"ஏன்? என்னாச்சு?"

"பாவி நான்... நீ உட்கார்ந்து உட்கார்ந்து அழுததைப் பார்க்க முடியல. இந்தத் தடவை பொடியோட வைட்டமின் சி மாத்திரையையும் சேர்த்து அரைச்சுட்டேன்."

அவள் கோபப்படவில்லை. களைப்பாகச் சிரித்தாள்.

"போன வாரம் டப்பாவைத் திறந்ததுமே ஆரஞ்சு வாசனை குப்புனு அடிச்சுது. எனக்குத் தெரியாதா? அப்பவே கொட்டிட்டேன். நல்லா நாலு திட்டு திட்டணும்னுதான் வீட்டுக்கு வந்தேன். நீங்க வாயைப் பிளந்து தூங்கிட்டிருந்தீங்க. மனசு வரல."

"அப்போ இன்னைக்கு மஞ்சளானது?"

"நானே இலை பறிச்சுட்டுப் போய், லேப் மூலையில காயவெச்சு அரைச்சேன். அதே செடி, அதே இலை. இத்தனை நாளா ஏன் ஆகலைன்னுதான் புரியவே மாட்டேங்குது."

கண்களை மூடிச் சாய்ந்துகொண்டாள். பாதித் தூக்கத்தில் கேட்டாள்.

"வெயில் பட்டா சத்தெல்லாம் போயிடும்னு முதல் நாளே சொன்னேனே. நீங்க நிழல்லதானே காயவெச்சீங்க?"

சீக்கிரம் காய்ந்தால் கொஞ்ச நேரம் படுக்கலாமே என்று மூன்று வருடமாக அவர் இலைகளை விரித்துவந்த மொட்டை மாடியில், பொட்டு நிழல்கூடக் கிடையாது.