நாலு நாள் தாமதம்

"அந்த ஆள்கிட்டயா சேரப் போறே? அதுக்குப் பேசாம புலிக்கூண்டைத் திறந்து உள்ளே போய் உக்காந்துக்கோ" என்றாள் அக்கா, போனில்.

"சேரப் போறேன்னு யாரு சொன்னா? யோசிக்கிறேன்னுதானே சொன்னேன்."

"இதுல யோசிக்க என்னடி இருக்கு? ஒருத்தங்க கண்ணாங்கறாங்க, இன்னொருத்தர் கழுதைங்கறார். நாலு மணிக்குள்ள கண்ணாவுக்குச் சரின்னு சொல்லு. வச்சிடறேன்."

கோர்ட் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள் தங்கை. சட்டம் முடித்த கையோடு ஊரே அண்ணாந்து பார்க்கிற இரண்டு வக்கீல் ஆபீஸ்களிலிருந்து அவளுக்கு அழைப்பு. இரண்டிலும் தலா ஒரு மாதம் பயிற்சிக்கு இருந்து பார்த்தாயிற்று.

ஒன்று, பன்னிரண்டு மாடிக் கண்ணாடிக் கட்டடம். அங்கே யாரும் குரலை உயர்த்துவதில்லை. தலைமை வக்கீலம்மாவுக்கு எல்லோரும் கண்ணாதான். ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தில் மட்டும் ஒரு வரி உறுத்தியது: வழக்குத் தேதிகளில் பிழை நேர்ந்தால் ஜூனியரே முழுப் பொறுப்பு. கேட்டதற்கு, "அது சும்மா ஒரு சம்பிரதாயம், கண்ணா" என்று சிரித்தார்.

இன்னொன்று, இடி. அது அந்த ஆபீஸ் வக்கீலின் பட்டப்பெயர். அவர் வாதாட எழுந்தால் எதிர்த்தரப்புக்கு நாக்கு வறண்டுவிடும். ஆபீசில் ஜூனியர்களுக்கும் அதே கதிதான். திட்டினால் தெருமுனை வரை கேட்கும்.

நேற்று அந்த இடி அவள் தலையில் இறங்கியது.

தப்பு அவளுடையதுதான், மழுப்ப ஒன்றுமில்லை. ஒரு பேக்கரிக்காரர் கடையைக் காலி செய்யச் சொல்லித் தீர்ப்பு வந்திருந்தது. மேல்முறையீடு செய்ய முப்பது நாள் கெடு. கடைசித் தேதியைக் குறிக்கும் வேலை அவளுக்கு. தீர்ப்பு சொன்ன நாளிலிருந்து எண்ணாமல், நகல் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணித் தொலைத்தாள். நாலு நாள் தாமதம். கோர்ட் ஆபீஸ் மனுவை வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டது.

"அஞ்சு வருஷம் காலேஜ்ல என்ன பண்ணினே, பெஞ்சைத் தேய்ச்சியா?" இடி கேஸ்கட்டை மேஜையில் போட்டு அடித்தார். பதினாலு பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "அந்த மனுஷன் கடையை இழுத்து மூடினா நீயா போய் ரொட்டி சுடுவே? நாளைக்குக் கோர்ட்டுக்கு வர்றே. முன் பெஞ்சுல உக்கார்றே. உன் தப்பு என்ன பண்ணுதுன்னு கண்ணால பாக்கறே."

அவள் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

வெளியே வந்ததும் குமாஸ்தாவிடம் கேட்டாள். "இனிமே ஒண்ணும் பண்ண முடியாதாங்க?"

"தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு போடுவோம். ஏன் தாமதம், யாரால தாமதம்னு சத்தியம் பண்ணி எழுதிக் கொடுக்கணும். ஜட்ஜ் மனசு வச்சா உண்டு. இல்லேன்னா கடை போச்சு."

"யாராலன்னு பேர் போடணுமா?"

"பின்னே? ஜட்ஜ் சத்தமா படிப்பார். அப்புறம் அது பதிவுல ஏறிடும். சாகற வரைக்கும் அங்கேயே இருக்கும்."

அவள் இன்னும் ஒரு வழக்கில்கூட வாய் திறக்கவில்லை. அதற்குள் கோர்ட் பதிவில் அவள் பெயர், அதுவும் இப்படியா ஏற வேண்டும்?

மனுவை இடியே அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார். யாருக்கும் காட்டவில்லை.

இப்போது கோர்ட் ஹாலில், பக்கத்தில் பேக்கரிக்காரர். சலவைச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"பயப்பட ஒண்ணும் இல்லையேம்மா?"

"இல்லைங்க" என்றாள். யாரால் இந்த நிலைமை என்று அந்த மனிதருக்கு இன்னும் தெரியாது. இன்னும் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

மடியில் போன். கண்ணாடிக் கட்டடத்துக்கு 'சேர்ந்துகொள்கிறேன்' என்று தட்டி வைத்திருந்தாள். அனுப்புவதுதான் பாக்கி. தன் பெயர் காதில் விழுந்த அடுத்த நொடி அனுப்பிவிட்டு, பின்வாசல் வழியாக ஓடிவிட வேண்டியதுதான்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். இடி எழுந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நீதிபதி மனுவைப் புரட்டினார். "நாலு நாள் தாமதம். யாரால?"

"எழுதியிருக்கேன்" என்று மட்டும் முனகினார் இடி. அந்தக் குரல் இவ்வளவு சின்னதாகக்கூட வருமா?

நீதிபதி வாசித்தார். "'மனுவில் கையெழுத்திட்டவன் நான். தேதியைச் சரிபார்க்காமல் விட்டவனும் நான். தவறு முழுக்க என்னுடையது. அதற்காகக் கட்சிக்காரரைத் தண்டிக்க வேண்டாம்.'"

அவள் நிமிர்ந்தாள். நீதிபதி மீதியையும் படித்து முடித்தார், மொத்தம் நான்கு பக்கம். அவள் பெயர் எங்குமே இல்லை.

மடியில் போன் அதிர்ந்தது. கண்ணாடிக் கட்டடம். அவள் எடுக்கவில்லை. தட்டி வைத்திருந்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

"சரி, தாமதத்தை மன்னிக்கிறேன். மேல்முறையீட்டை எடுத்துக்கலாம்" என்றார் நீதிபதி. பேக்கரிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டார்.

இடி கோப்பைக் கட்டத் தொடங்கினார். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவரையே பார்த்தார்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம். வருஷம் பூரா ஒரு தேதிகூடப் பிசகாத உங்களுக்கு, புது ஜூனியருங்க வந்து சேர்ற மாசத்துல மட்டும் வருஷா வருஷம் இப்படி ஒரு தப்பு நடந்துடுதே, அது எப்படிங்க?"